நடக்கும் வழியில் மரம் வரைய: ஸ்கெட்ச்புக் வாங்குவதிலிருந்து முதல் சில பக்கங்கள் வரை

மரம் வரைய ஆசைப்படுகிறவர்கள் முதலில் போய் நிற்பது ஸ்கெட்ச்புக் அடுக்கி வைத்திருக்கும் அலமாரிக்கு முன்னால்தான். அங்கே கண்ணைப் பறிப்பது பெரிய, கனத்த, தோல் அட்டை போட்ட புத்தகம். வாங்கி வந்தாயிற்று, மேசையில் வைத்தாயிற்று, அதன்பின் அது மேசையை விட்டு நகர்வதே இல்லை. மரமோ தெருவில் நிற்கிறது. அதனால் புத்தகமோ, பேனாவோ, வரையும் முறையோ, எதை எடுத்தாலும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்: நின்றுகொண்டே, ஒரு கையில் பிடித்தபடி, இதை வைத்து வரைய முடியுமா? முடியாதென்றால் அது எவ்வளவு உயர்ந்த சரக்காக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது. நடக்கிற வழியில் உட்கார இடம் கிடைப்பதே அபூர்வம், கிடைத்தாலும் அங்கிருந்து மரம் பாதிதான் தெரியும்.

புத்தகம்

அளவில் ரொம்பக் குழம்ப வேண்டாம். ஏ5 (148 × 210 மி.மீ.), இல்லையென்றால் அதில் பாதியான ஏ6 (105 × 148 மி.மீ.). ஏ6 சட்டைப்பையிலோ சின்னக் கைப்பையிலோ போய்விடும், அதுதான் அதன் பலம். ஆனால் பெரிய மரத்தின் கிளைகளை அதற்குள் அடக்கும்போது கோடுகள் ஒன்றோடொன்று மோதும். தோளில் ஏதாவது ஒரு பையை எப்படியும் மாட்டிக்கொண்டுதான் வெளியே போவீர்கள் என்றால் ஏ5 வாங்குங்கள். கைவீசி நடப்பவர் என்றால் ஏ6. இரண்டில் எது என்று முடிவெடுக்க முடியாமல் "எதற்கும் இருக்கட்டும்" என்று ஏ4 எடுப்பது மட்டும் வேண்டாம், நின்றபடி பிடித்தால் ஐந்து நிமிடத்தில் மணிக்கட்டு கெஞ்சும்.

நீளவாக்கில் திறப்பதா, அகலவாக்கில் திறப்பதா என்றும் ஒரு தேர்வு உண்டு. நான் நீளவாக்கைத்தான் சொல்வேன். நெட்டிலிங்கம் மாதிரி ஒல்லியாக உயர்ந்த மரம் ஒரு பக்கத்தில் அப்படியே நிற்கும், அகலமாகப் படர்ந்த தூங்குமூஞ்சி மரம் எதிரே வந்தால் இரண்டு பக்கத்தையும் விரித்து அதன் குறுக்கே வரைந்துவிடலாம். அகலவாக்குப் புத்தகத்தை விரித்தால் ஒரு முழ நீளத்துக்குப் போகும், ஒரு கையில் நிற்காது.

அட்டை கெட்டியாக இருக்க வேண்டும், இதில் பேரமே இல்லை. கடையிலேயே சோதித்துவிடலாம். புத்தகத்தைத் திறந்து இடது முன்கையின் மேல் படுக்க வைத்து, விரல்களால் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் எதிர் மூலையில் எழுதுவது போல அழுத்திப் பாருங்கள். மூலை வளைந்து கீழே போனால் அந்தப் புத்தகத்தை வைத்துவிடுங்கள். இடது கையால் வரைபவர்கள் இதையே மாற்றிச் செய்து பார்க்கலாம். ஸ்பைரல் கம்பி கையில் இடிக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கட்டுமானத்தில் மூன்று வகைதான் அதிகம் கண்ணில் படும். ஸ்பைரல் போட்டதை முழுக்க மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம் என்பதால் கையில் பிடிக்க அதைவிட வசதியானது கிடையாது. ஆனால் பக்கங்கள் அசைந்து உரசி பென்சில் வேலை மங்கிப்போகும், பைக்குள் நசுங்கினால் கம்பி வளையும், இரண்டு பக்கத்துக்குக் குறுக்கே வரையவும் முடியாது. நூல் தைத்தது தட்டையாக விரியும், வருடக்கணக்கில் உழைக்கும். பசை மட்டும் போட்டு ஒட்டியது நடுவில் எழும்பி நிற்கும், பலமாக அழுத்தி விரித்தால் தாள் கழன்று கையோடு வரும். தைத்ததா ஒட்டியதா என்பதை முதுகின் மேல்முனையைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்: மடித்த தாள்கள் சின்னச் சின்னக் கட்டுகளாகத் தெரிந்தால் தைத்தது, ஒரு கட்டின் நடுவே திறந்தால் நூலும் தெரியும். மரம் வரைய நூல் தைத்ததைத்தான் நான் எடுப்பேன்.

அப்புறம் தாள். அட்டையில் போட்டிருக்கும் ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான். அலுவலகப் பிரிண்டரில் போடும் தாள் 70, 80 இருக்கும். அதில் பென்சில் வேலை செய்யும், பேனா மறுபக்கம் எட்டிப் பார்க்கும். பென்சிலுக்கும் பேனாவுக்கும் 100 முதல் 120 வரை போதும். லேசாக ஒரு வண்ணக் கழுவல் (தண்ணீரில் கரைத்த வண்ணத்தை மெல்லிசாகப் பூசுவது) கொடுக்கும் எண்ணம் இருந்தால் 160 முதல் 200. தண்ணீர் தேங்கும் அளவுக்கு வாட்டர்கலர் போடுபவர்களுக்குத்தான் 300 தேவை. கனமான தாள்தான் நல்ல தாள் என்று எல்லாவற்றுக்கும் 300-ஐ வாங்கிவிடாதீர்கள். கணக்கு எளிது: ஏ5 தாள் ஒன்று ஒரு சதுர மீட்டரில் 32-ல் ஒரு பங்கு. 120 ஜி.எஸ்.எம். தாளில் 40 தாள் போட்ட புத்தகம், அட்டை நீங்கலாக, 150 கிராம். அதே 40 தாள் 300 ஜி.எஸ்.எம்.மில் 375 கிராம். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்த வித்தியாசம் தோள்பட்டையில் தெரியும். தாள் தடிமனாக ஆக ஒரு புத்தகத்துக்குள் பக்கமும் குறையும், பக்கம் குறைந்தால் "வீணாகிவிடுமோ" என்ற பயம் வரும். புதிதாகப் பழகுபவருக்கு அந்தப் பயம்தான் பெரிய இடைஞ்சல்.

தாளின் மேல் விரல்நுனியை ஓட்டிப் பாருங்கள். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால் பென்சில் அதில் பிடித்து, பட்டையின் முரட்டுத்தன்மை பாதி தானாகவே வந்துவிடும். பேனாவுக்கு வழவழப்புதான் சுகம். நிறத்தைப் பொறுத்தவரை, பளிச்சென்ற வெள்ளை வெயிலில் கண்ணைக் கூச வைக்கும், இளமஞ்சள் கலந்த தாள் வெளியில் வரைய நல்லது. சாம்பல், பழுப்புத் தாள்களும் உண்டு. நிழலுக்குக் கறுப்பு, வெளிச்சத்துக்கு வெள்ளைப் பென்சில் என்று இரண்டே குச்சியில் ஒரு மரத்தை உருட்டி எடுக்கலாம். ஆனால் அது இரண்டாவது புத்தகத்துக்கு.

கையில் என்ன எடுத்துப்போவது

ஒரு 2பி பென்சில், ஒரு பால்பாயிண்ட் பேனா, காகிதம் பறக்காமல் பிடிக்க இரண்டு பைண்டர் கிளிப். அவ்வளவுதான். எச்பி பென்சில் மரத்தின் இருட்டுக்குப் போதாது. 6பி நன்றாகக் கறுக்கும், ஆனால் கை பட்ட இடமெல்லாம் அப்பும். 2பி நடுவில் நிற்கிறது. பால்பாயிண்ட்டைக் குறைவாக எடைபோடாதீர்கள். லேசாக ஓட்டினால் சாம்பல், அழுத்தினால் அழுத்தமான கோடு, மை எண்ணெய் சார்ந்தது என்பதால் மேலே தண்ணீர் பட்டாலும் கரையாது. வெயிலில் மாட்டி வைத்தால் காலப்போக்கில் மங்கும், மூடிய புத்தகத்துக்குள் அந்தக் கவலை இல்லை.

பேனா கோட்டின் மேல் வண்ணம் போட நினைப்பவர்கள் 'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதியிருக்கும் பிக்மென்ட் மைப் பேனாவை வாங்குங்கள். பல ஜெல் பேனாக்களும் பெரும்பாலான ஃபவுண்டன் பேனா மைகளும் தண்ணீர் பட்டால் கரைந்து ஓடும். அதற்காக ஃபவுண்டன் பேனாவுக்குள் 'இந்தியன் இங்க்' எனப்படும் கறுப்பு வரைமையை ஊற்றிவிடாதீர்கள், அதில் இருக்கும் அரக்கு காய்ந்து பேனாவை அடைத்துவிடும். கைப்பிடிக்குள்ளேயே தண்ணீர் நிரப்பும் வாட்டர்பிரஷ் நடைக்கு அருமையான சாமான், கிண்ணமும் பாட்டிலும் தேவையில்லை. ஆனால் முதல் ஒரு மாதம் வண்ணத்தையே தொடாமல் இருங்கள் என்பேன். ரப்பரையும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். கோடு தவறினால் அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட்டுவிட்டு மேலே போகலாம், மரத்துக்கு அது பொருந்தவும் பொருந்தும்.

எந்த மரம், எங்கே நிற்பது

முதல் மரத்தை அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், நிற்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். முழு மரமும் கழுத்தைத் தூக்காமல் கண்ணுக்குள் வர வேண்டுமென்றால் மரத்தின் உயரத்தைப் போல சுமார் இரண்டு மடங்கு தள்ளி நிற்க வேண்டும்: 10 மீட்டர் மரத்துக்கு 20 மீட்டர். குறுகலான தெருவில் அது நடக்காது. அப்போது முழு மரத்தை விட்டுவிட்டு, அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தையோ, முதல் கவட்டையையோ, தலைக்கு மேல் நீளும் ஒரே ஒரு கிளையையோ வரையுங்கள். சொல்லப்போனால் அப்படி வரைந்த பக்கங்கள்தான் பின்னால் பார்க்கும்போது நன்றாக இருக்கும்.

தென்னை சுலபம் என்று தோன்றும், கிளையே இல்லையே என்று. உண்மையில் அதுதான் வம்பு: ஒவ்வொரு மட்டையும் வேறு திசையில் வளைகிறது, உங்களை நோக்கி வருகிற மட்டை குட்டையாகத் தெரிகிறது, அதை நீளமாக வரைந்துவிட்டால் மொத்தமும் கெட்டது. விழுது விட்ட ஆலமரமும் இப்போது வேண்டாம். நடுத்தர உயரத்தில், ஓரளவு இலை குறைந்து, கிளைகள் வெளியே தெரியும்படி நிற்கிற வேம்போ புங்கையோ எதுவோ, உங்கள் தெருவில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இலையுதிர்த்த மரம் கிடைத்தால் விடாதீர்கள்.

காலையும் மாலையும் வெளிச்சம் பக்கவாட்டில் விழும், மரத்துக்கு ஒரு பக்கம் வெளிச்சம் ஒரு பக்கம் நிழல் என்று உருண்டை தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். நீங்கள் நிழலில் நில்லுங்கள், முடியாவிட்டால் உங்கள் உடம்பின் நிழல் தாளின் மேல் விழும்படி திரும்பிக்கொள்ளுங்கள். வண்டி வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். வரையத் தொடங்கிவிட்டால் காது வேலை செய்யாது. சுவரோ கம்பமோ பின்னால் இருந்தால் நல்லது. காவல் போட்டிருக்கும் கட்டடங்களுக்கு முன்னால் நின்று வரைந்து வீண் விசாரணையை இழுத்துக்கொள்ள வேண்டாம். யாராவது வீட்டு வாசல் மரம் என்றால், அவர்கள் பார்க்கும்போது புத்தகத்தைத் திருப்பிக் காட்டிவிடுங்கள், அநேகமாக அந்த மரத்தின் வயதும் வரலாறும் கேட்காமலே கிடைக்கும்.

வரையும் முறை

முதல் ஒரு நிமிடம் பேனாவைத் திறக்காமல் பாருங்கள். மரம் உயரத்தில் அதிகமா அகலத்தில் அதிகமா? முதல் கவட்டை மொத்த உயரத்தில் கால்வாசியிலா, பாதியிலா? எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்துக் கட்டைவிரலால் அடிமரத்தின் உயரத்தைக் குறித்துக்கொண்டு, அது மொத்த மரத்தில் எத்தனை முறை போகிறது என்று எண்ணுங்கள். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும், அதில் மட்டும் கவனம்.

அடுத்து தாளில் நான்கு சின்னக் குறிகள்: உச்சி, அடி, இடது ஓரம், வலது ஓரம். இதைச் செய்யாமல் கீழிருந்து வரைந்துகொண்டே போனால் மரத்தின் தலை தாளுக்கு வெளியே போய்விடும். அநேகமாக எல்லோருக்கும் நடக்கும்.

இப்போது தலைப்பகுதியின் வெளிக்கோடு. குச்சியில் செருகிய பஞ்சுருண்டை மாதிரி வளைவு வளைவாகப் போடும் பழக்கம் எல்லோர் கையிலும் இருக்கிறது. அதை உடைக்க ஒரு வழி, வெளிக்கோட்டை முழுக்க நேர்க்கோட்டுத் துண்டுகளாலேயே போடுவது. எங்கே உள்ளே வெட்டுகிறது, எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது அப்போது தானாகக் கண்ணில் படும். மின்கம்பிக்காக ஒரு பக்கம் வெட்டப்பட்ட மரம் என்றால் அந்த வெட்டை அப்படியே போடுங்கள். தெருமரத்தின் அடையாளமே பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அடிமரத்தைக் கம்பம் நட்டது போல மண்ணில் செருகாதீர்கள். கிட்டே போய்ப் பார்த்தால் மண்ணை நெருங்கும்போது அது அகன்று வேராகப் பிரிவது தெரியும், ஒரு வேர் சிமெண்ட்டைத் தூக்கியிருக்கும், இன்னொன்று ஓரக்கல்லைச் சுற்றிக்கொண்டு போயிருக்கும். மேலே போகும்போது கிளையின் தடிமன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் லியனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் ஒன்று எழுதிவைத்தார்: ஒரு குறிப்பிட்ட உயரத்தில் இருக்கும் எல்லாக் கிளைகளையும் ஒன்றாகச் சேர்த்தால் அடிமரத்தின் தடிமனுக்குச் சமமாக வரும். எல்லா மரத்துக்கும் துல்லியமாகப் பொருந்தாது, வரைபவருக்கு அது தேவையும் இல்லை. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: பிரியும் இடத்தில்தான் கிளை மெலிகிறது, பிரியாமல் போகும் தூரத்தில் கிட்டத்தட்ட அதே தடிமனில் போகிறது. கேரட் மாதிரி சீராகக் கூராகிக்கொண்டே போகும் கிளையைப் போட்டால் மரம் பொம்மை மரமாகிவிடும்.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு மரத்தைப் பார்க்கலாம். நாட்டு வாதுமை தூரத்திலிருந்தே மாடி மாடியாகத் தெரியும். கிளை தரைக்கு இணையாக வெளியே ஓடுகிறது, கொஞ்ச தூரம் போனதும் அதன் நுனி மேல்நோக்கித் திரும்பி ஒரு கொத்து இலையோடு நிற்கிறது, அந்தக் கொத்துக்கு அடியிலிருந்து புதுக் கிளை கிளம்பி மறுபடி வெளியே ஓடுகிறது, அதுவும் நுனியில் நிமிர்கிறது. இந்த ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்துதான் அந்த மரம் தன் மொத்த உருவத்தையும் கட்டுகிறது. அது பிடிபட்டுவிட்டால் இலை எதையும் வரையாமல் ஐந்தாறு கோட்டிலேயே இது வாதுமை என்று பார்ப்பவர் சொல்லிவிடுவார். 1970களில் ஆலே, ஓல்டமேன், டாம்லின்சன் என்ற தாவரவியலாளர்கள் வெப்பமண்டல மரங்கள் தங்களைக் கட்டிக்கொள்ளும் விதங்களை 23 மாதிரிகளாக வகுத்தார்கள். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், உங்கள் தெருவில் நிற்கும் மரம் எந்த அசைவைத் திரும்பச் செய்கிறது என்று மட்டும் தேடுங்கள்.

கிளை வந்தபின் ஓட்டைகள். இலைக்கூட்டத்துக்கு நடுவே வானம் தெரியும் இடங்களின் வடிவத்தை முதலில் போடுங்கள், அதைச் சுற்றி இருப்பதுதான் இலை. பெரிதும் சிறிதுமாக, ஒழுங்கில்லாமல் இருக்க வேண்டும். கையை விட்டால் அது ஒரே அளவில் வரிசையாகப் போட்டுவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் வண்ணம் போடும்போது அந்த ஓட்டைக்குள் தெரியும் வானத்தை வெளிவானத்தைவிட ஒரு பிடி மங்கலாகப் போட்டால் அது மரத்துக்குள்ளேயே இருக்கும், இல்லாவிட்டால் முன்னால் துள்ளி வந்து நிற்கும்.

நிழலுக்குக் கண்ணைப் பாதி மூடிக்கொள்ளுங்கள். விவரமெல்லாம் கரைந்து இரண்டே நிறம் மிஞ்சும், வெளிச்சம், இருட்டு. இருட்டுப் பகுதி முழுவதையும் ஒரே திசையில் சாய்ந்த கோடுகளால் நிரப்பிவிட்டு, அதில் மிக ஆழமான சில இடங்களை மட்டும் இரண்டாம் முறை அழுத்துங்கள். பட்டையின் வெடிப்புகளை வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் ஓரத்தில் மட்டும் காட்டினால் போதும், மீதியைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

இலை கடைசியில், அதுவும் விளிம்பில் மட்டும். வேம்பின் விளிம்பு கூராகச் சிதறியிருக்கும், புளியின் விளிம்பு பொடிப்பொடியாக மெத்தென்றிருக்கும், அரசின் விளிம்பில் நீண்ட வால் வைத்த இலைகள் தொங்கும். ஓரத்தில் நாலைந்து இடத்தில் இந்த வித்தியாசத்தைக் காட்டிவிட்டு நிறுத்திவிடுங்கள்.

தரையில் விழும் நிழலையும் மறக்க வேண்டாம், மரத்தை மண்ணோடு கட்டுவது அதுதான். நிழலுக்கு நடுவே தெரியும் வெளிச்சப் பொட்டுகள் இலையிடுக்கின் வடிவத்தில் இருக்காது, வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும். ஒவ்வொரு இடுக்கும் ஊசித்துளை கேமரா போல சூரியனின் உருவத்தையே தரையில் போடுகிறது. பகுதி சூரிய கிரகணத்தன்று பார்த்தால் பொட்டுகள் எல்லாம் பிறைகளாக மாறியிருக்கும்.

இத்தனையும் 15 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் முடியாததாகவே விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். வீட்டுக்கு வந்து ஞாபகத்திலிருந்து நிரப்பினால் அது பழையபடி பஞ்சுருண்டைக்கே திரும்பிவிடும். நேரமே இல்லாத நாளில் இரண்டு நிமிடத்தில் வெளிக்கோடும் சாய்வும் மட்டும் எடுத்தால்கூடக் கணக்குதான்.

ஓரத்தில் எழுத வேண்டியவை

தேதி, நேரம், எந்தத் திசையைப் பார்த்து நின்றீர்கள். மரத்தின் பெயர் தெரியாவிட்டால் கீழே விழுந்த ஓர் இலையைத் தாளின் மேல் வைத்து நிஜ அளவில் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். இலைகள் சிறுகிளையில் எதிரெதிராக இருக்கின்றனவா (தேக்கு அப்படி), மாறி மாறியா, ஒரே இடத்தில் வட்டமாகவா (ஏழிலைப்பாலை) என்றும் ஒரு வார்த்தை. பிறகு பெயர் கண்டுபிடிக்கப் படத்தைவிட இந்தக் குறிப்புதான் உதவும். கையில் நூல் இருந்தால் நெஞ்சுயரத்தில், அதாவது சுமார் 1.3 மீட்டரில், அடிமரத்தின் சுற்றளவையும் எடுக்கலாம். மரத்தை அளப்பவர்கள் பல நாடுகளில் அந்த உயரத்தைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

தினமும் புது மரம் தேட வேண்டியதில்லை. வழக்கமாக நடக்கிற பாதையில் இரண்டு மூன்று மரங்களைப் பிடித்துக்கொண்டு துளிர்க்கும்போது, பூக்கும்போது, இலை கொட்டி நிற்கும்போது என்று திரும்பத் திரும்ப அதே இடத்தில் நின்று வரைவதுதான் கையை வேகமாகப் பழக்கும். இலை கொட்டிய நாளில் வரைந்த எலும்புக்கூடு, இலை நிறைந்திருக்கும் நாளில் உள்ளே என்ன ஓடுகிறது என்பதைச் சொல்லிக்கொடுக்கும்.

பென்சில் பக்கங்களுக்கு நடுவே ஒரு பட்டர் பேப்பர் துண்டை வையுங்கள், புத்தகத்தை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுங்கள், உரசல் பாதி குறைந்துவிடும். மழையில் நனைந்தால் சூட்டில் காயவைக்காமல், நனைந்த பக்கங்களுக்கிடையே டிஷ்யூ வைத்து மேலே கனம் ஏற்றி இரண்டு நாள் விட்டால் அநேகமாகத் தட்டையாகிவிடும். புத்தகம் முடிந்ததும் முதுகில் தொடக்க மாதமும் கடைசி மாதமும் எழுதி வையுங்கள். அடுத்ததை வாங்குவதற்கு முன் பழையதைப் புரட்டிப் பார்த்தால் எந்த அளவு போதவில்லை, எந்தத் தாள் ஒத்துவரவில்லை என்று அதிலேயே தெரியும்.